ஊமை ஆங்கிலத்தைப் பேச வைப்பது: சீனாவில் ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சீனாவில் 'யாபா யிங்யூ' என்று ஒரு சொல் உண்டு. ஊமை ஆங்கிலம் என்று பொருள். மூன்றாம் வகுப்பில் தொடங்கிப் பத்து வருடம் ஆங்கிலம் படித்தவர், 'காவ்காவ்' எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150க்கு 130 வாங்கியவர், ரயில் நிலையத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வழி கேட்டால் கையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டால் "ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்று ஒரே மூச்சில் பதில் வரும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கல்லூரியில் எழுதும் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வில் 710க்கு 425 எடுத்தால் பொதுவாகப் போதும் என்பார்கள். அதில் பேச்சுத் தேர்வு தனி, விரும்பினால் எழுதலாம்.

ஆகவே அங்கே போகிறவரின் வேலை இலக்கணம் நடத்துவதில்லை. இலக்கணம் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். உள்ளே கிடப்பதை வாய்வழியே வெளியே கொண்டுவருவதுதான் வேலை. அதற்கு அவர்கள் தாய்மொழி எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் காகிதம்.

பாஸ்போர்ட்டை முதலில் பாருங்கள்

வெளிநாட்டு மொழி ஆசிரியர் தான் குடியுரிமை பெற்ற நாட்டின் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்பது சீனாவின் பொது விதி. நடைமுறையில் இதன் பொருள் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா பாஸ்போர்ட். டொராண்டோவிலோ லண்டனிலோ குடியுரிமை பெற்ற தமிழருக்கு இந்த வாசல் நேராகத் திறக்கும். இந்திய, இலங்கை, மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு, வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்திருந்தாலும், ஆங்கில ஆசிரியர் அனுமதி கிடைப்பது கஷ்டம். அவர்களுக்கு உள்ள நேர்மையான வழி, சர்வதேசப் பள்ளிகளில் கணிதம், இயற்பியல் போன்ற பாட ஆசிரியர் வேலை. அது வேறு கணக்கில் வரும்.

"சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். அனுமதியில்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், கடுமையான நிலையில் 5 முதல் 15 நாள் காவல், அதோடு நாடு கடத்தலும் வரலாம். மாட்டிக்கொள்வது நீங்கள்தான், ஏஜென்ட் இல்லை.

ஆவணங்கள், வரிசைப்படி

தேவையானவை: இளங்கலைப் பட்டம், இரண்டு வருடக் கற்பித்தல் அனுபவச் சான்று, குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை. கல்வியியல் அல்லது மொழித்துறைப் பட்டமோ, சொந்த நாட்டு ஆசிரியர் சான்றிதழோ, தகுதியான டெஃபல் (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழோ இருந்தால் இரண்டு வருட அனுபவம் தேவையில்லை. டெஃபல் எடுப்பதானால் 120 மணி நேரத்துக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். போலீஸ் சான்றைக் கடைசியாக வாங்குங்கள். பட்டமும் அனுபவச் சான்றும் பழசானாலும் செல்லும், இது ஆறு மாதம் தாண்டினால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

2023 நவம்பர் 7 முதல் சீனா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில், அதாவது ஒரு நாட்டு ஆவணத்தை ஒரே முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்கும் ஏற்பாட்டில், இருக்கிறது. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆவணங்களுக்கு அப்போஸ்டில் முத்திரை போதும், தூதரகத்துக்கு அலைய வேண்டாம். ஆனால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அந்த ஒப்பந்தம் நடைமுறையில் இல்லை. சென்னையில் வாங்கிய பட்டமென்றால் பழைய முறைப்படி வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும், அதன் மேல் சீனத் தூதரகத்தின் சான்றொப்பமும் வேண்டும். கையில் கனடா பாஸ்போர்ட் இருந்தாலும் பட்டம் எந்த நாட்டில் வாங்கியது என்பதுதான் கணக்கு.

தமிழர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு: இனிஷியல். பட்டத்தில் 'ஆர். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் ராமசாமி'. சென்னையில் யாரும் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். சீனாவில் கணினியில் பதிகிறவருக்கு அது இரண்டு ஆட்கள். இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, மற்ற ஆவணங்களோடு சேர்த்தே சான்றொப்பம் வாங்கிவிடுங்கள். அங்கே போன பிறகு இதைச் சரிசெய்வது பெரும்பாடு.

பிறகு நடப்பது இது. வேலை கொடுக்கும் நிறுவனம் இணையத்தில் விண்ணப்பித்து, பணி அனுமதி அறிவிப்பு என்ற தாளை வாங்கி அனுப்பும். அதைக் காட்டி, நீங்கள் இருக்கும் நாட்டில் இஸட் விசா, அதாவது வேலை விசா, வாங்குகிறீர்கள். இறங்கியதும் 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்துக்குரிய காவல் நிலையத்தில் பதிவு. ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள், வீடு என்றால் நீங்கள்தான் போக வேண்டும். பிறகு பணி அனுமதி. வந்த 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பம். அந்த விண்ணப்பம் நடக்கும்போது பாஸ்போர்ட் அலுவலகத்தில் இருக்கும் என்பதால், அந்த வாரங்களில் ஹாங்காங் போய்வரலாம் என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு மொழி இருக்கும். தகராறு வந்தால் எந்த மொழிப் பிரதி செல்லும் என்ற வரியைத் தேடுங்கள், பெரும்பாலும் சீனம்தான். சீனம் தெரிந்த, அந்த நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் அந்தப் பிரதியைக் காட்டுங்கள். பார்க்க வேண்டிய மூன்று: வாரத்துக்கு எத்தனை வகுப்பு, வகுப்பில்லாத நேரத்தில் அலுவலகத்தில் உட்கார வேண்டுமா, இடையில் விலகினால் என்ன. இன்னொரு கிளையிலோ வேறு பள்ளியிலோ 'கொஞ்சம் உதவி' கேட்டால் நழுவிவிடுங்கள். அனுமதி உங்கள் நிறுவனத்துக்கு மட்டும்தான்.

அவர்கள் வாயில் ஆங்கிலம் ஏன் அப்படி வருகிறது

சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் அசைகள் உயிரில் முடியும், இல்லாவிட்டால் 'ன்', 'ங்' ஒலியில் முடியும், சில இடங்களில் 'ர்' போல ஒன்று. அவ்வளவுதான். 'ட்', 'க்', 'ப்', 'ல்', 'ம்' என்று முடியும் சொல்லே கிடையாது. அதனால் 'குட்' என்பது 'குட-அ' ஆகும், இல்லாவிட்டால் கடைசி மெய் விழுந்துவிடும். இதைக் கேட்டுச் சிரிக்க நமக்கு வாயில்லை. 'பஸ்ஸு', 'புக்கு' என்று உகரம் ஒட்டுவது நாம்தானே. காரணமும் ஒன்றுதான்: தாய்மொழிக்குப் பழக்கமில்லாத முடிவை வாய் தானாகவே மூடப் பார்க்கிறது.

'கடைசி எழுத்தை அழுத்திச் சொல்' என்று திருத்தினால் 'அ' இன்னும் பெரிதாகும். அதற்குப் பதில் கடைசி மெய்யை அடுத்த சொல்லுக்குத் தள்ளிவிடுங்கள். 'பிக் இட் அப்' என்பதை 'பி-க்கி-டப்' என்று மூன்று அசையாகப் பலகையில் எழுதிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லின் தொடக்கத்தில் மெய் வருவது அவர்களுக்குப் பழக்கம், உடனே வந்துவிடும். கடைசி 'ப்' வேண்டுமென்றால் உதட்டை மூடி அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள், காற்றை விடாமல்.

'ஸ்கூல்' பெரும்பாலும் 'ஸ்கூ-ஓ' என்று வரும். 'லா லா லா' சொல்லச் சொல்லி, மூன்றாவது 'லா'வின் தொடக்கத்தில் நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும்போதே நிறுத்தச் சொல்லுங்கள். நாக்கு ஒட்டிய அந்த இடம்தான் 'ல்'. தமிழில் 'பல்' சொல்லி நிறுத்தினால் நாக்கு எங்கே நிற்கிறதோ, அங்கே.

சிச்சுவான், ஹூனான், ஹூபெய் பக்கத்து மாணவர்களில் பலருக்கு 'ன'வும் 'ல'வும் கலக்கும். 'நைட்' 'லைட்' ஆகும். இதற்கு மூக்கைப் பிடிக்கச் சொன்னால் போதும். மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ன்ன்ன்' என்று இழுக்க முடியாது, 'ல்ல்ல்' என்று இழுக்கலாம். வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போது கூச்சமும் போய்விடும். 'வெரி' என்பதை உதடு குவித்து 'உவெரி' என்று சொல்பவர்களுக்குக் கைபேசியின் முன்கேமரா: மேல்பல் கீழுதட்டில் படுவது திரையில் தெரிய வேண்டும்.

'பேக்' என்று நாம் எழுதும் பையும், 'பேக்' என்று எழுதும் முதுகும் அவர்கள் வாயில் ஒன்றாகிவிடும். மெய்யைத் திருத்துவது வீண் வேலை. பைக்கு உயிரை இழு, முதுகுக்கு வெட்டு என்று சொல்லுங்கள். ஆங்கிலம் கேட்பவரின் காது இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் உயிரின் நீளத்தில்தான் பிடிக்கிறது.

வாக்கியத்தில் முதலில் கண்ணில் படுவது 'ஹீ', 'ஷீ' குழப்பம். அம்மாவைப் பற்றிப் பேசும்போது 'ஹீ' என்பார்கள். சீனத்தில் அவன், அவள், அது மூன்றும் எழுத்தில் வேறு, ஒலியில் 'தா' ஒன்றுதான். அறியாமை என்று நினைக்க வேண்டாம், எழுதினால் சரியாக எழுதுவார்கள். ஒவ்வொரு முறையும் திருத்தினால் பேச்சு நின்றுவிடும். பெற்றோரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசவிட்டு, தவறும்போது எதிரில் இருக்கும் மாணவர் விரலை மட்டும் உயர்த்தட்டும். பேசுபவர் தானே திருத்திக்கொள்வார்.

'ஐ வெரி லைக் இட்' என்பது சீன வாக்கியத்தின் நேர்ப்பெயர்ப்பு. 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் 'பட்'டும் வருவதற்குக் காரணம், சீனத்தில் அந்த இரண்டும் ஜோடியாகவே நடப்பது. 'டோன்ட் யூ லைக் இட்?' என்று கேட்டால் பிடிக்காதவர் 'யெஸ்' என்பார். "ஆமா, பிடிக்கலை" என்று நாம் சொல்வது போலத்தான். இந்த இடத்தில் ஆங்கிலம்தான் விசித்திரம் என்று அவர்களிடம் தயங்காமல் சொல்லலாம். எதிர்மறைக் கேள்வியே கேட்காமலிருந்தால் வகுப்பு நேரம் மிச்சம்.

எண்களை மறக்காதீர்கள், வேலைக்குப் போகிற மாணவர்களுக்கு இதில்தான் நிஜமான நஷ்டம் வரும். சீனத்தில் பத்தாயிரத்துக்கு 'வான்', பத்துக் கோடிக்கு 'யீ'. நான்கு நான்காகத்தான் எண்ணுவார்கள். 130 வான் என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் ஒரு பூஜ்யம் கூடும் அல்லது குறையும். லட்சத்தையும் கோடியையும் மில்லியனாக மாற்றித் திணறிய அனுபவம் உள்ளவருக்கு இது விளக்க வேண்டியதில்லை. பயிற்சி எளிது: 1300000 என்று இடைவெளியில்லாமல் எழுதி, வலப்பக்கமிருந்து நான்குக்கு ஒரு சிவப்புக் கோடு, மூன்றுக்கு ஒரு நீலக் கோடு. சிவப்பைப் பார்த்துச் சீனத்தில் வாசி, நீலத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசி. தினமும் ஐந்து எண், மூன்று வாரம்.

நாற்பத்தைந்து நிமிடப் பேச்சு வகுப்பு

பல்கலைக்கழகப் பேச்சு வகுப்பில் முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். எழுந்து நின்று "யாருக்குத் தெரியும்?" என்று கேட்டால் அமைதி. பதில் தெரியாததால் இல்லை. எல்லார் முன்னாலும் தவறாகச் சொன்னால் 'மியன்ட்ஸ்', அதாவது முகம், போய்விடும். சரியாகச் சொன்னாலும் அலட்டுகிறான் என்ற பெயர் வரும். அதனால் பொதுவில் கேட்பதைவிட்டு ஜோடிக்கு இறங்குங்கள்.

முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. பலகையில் ஒரே கேள்வி: 'நான்கு பேர், 200 யுவான், ஹாட்பாட் கடை. என்ன ஆர்டர் செய்வீர்கள்?' (மேசையில் கொதிக்கும் சாற்றில் வேகவைத்துச் சாப்பிடுவது ஹாட்பாட்.) ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதட்டும். எழுதப் பழகிய கை அது, கையில் தாள் இருந்தால் வாய்க்குத் துணிவு வரும்.

அடுத்து வேலைத்தாள்கள். ஒற்றைப்படை வரிசை பின்னால் திரும்பட்டும், பல கல்லூரிகளில் மேசை தரையோடு பிணைத்திருக்கும், நகர்த்த முடியாது. முன்னிருப்பவர் தாளில் விலைப்பட்டியல்: சாறு 48, ஆட்டிறைச்சி 42, தாமரைக்கிழங்கு 14, டோஃபு 12, இப்படிப் பத்துப் பன்னிரண்டு. பின்னிருப்பவர் தாளில் நால்வரின் விவரம்: ஒருவருக்குக் காரம் ஆகாது, ஒருவர் சைவம், ஒருவருக்கு இறால் ஒவ்வாமை, ஒருவர் ஒன்பது மணிக்குக் கிளம்பியாக வேண்டும். தாளைக் காட்டக் கூடாது. நடுவில் ஒரு புத்தகத்தை நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நிமிடத்தில் தாளை மாற்றி வாசித்து, ஒரு வார்த்தை பேசாமல் கணக்கை முடித்துவிடுவார்கள். இதற்குப் பதின்மூன்று நிமிடம்.

இந்தப் பயிற்சி ஏன் ஓடுகிறதென்றால், இதில் 'உன் கருத்து என்ன' கிடையாது. ஒருவரிடம் இருப்பது மற்றவருக்கு வேண்டும், பேசாமல் கிடைக்காது. 'உலக வெப்பமயமாதல் பற்றி விவாதியுங்கள்' என்று கொடுத்துப் பாருங்கள், யாரோ ஒருவர் மனப்பாடம் செய்த பத்தியை ஒப்பிப்பார், மற்றவர் தலையாட்டுவார்.

பிறகு ஜோடியை மாற்றி, தான் போட்ட ஆர்டரைப் புது ஆளிடம் நான்கு நிமிடத்தில் சொல்லட்டும். இன்னொருவரிடம் அதையே மூன்று நிமிடத்தில். மூன்றாமவரிடம் இரண்டு நிமிடத்தில். அதே விஷயம், நேரம் மட்டும் சுருங்குகிறது. தயக்கம் குறைந்து வாக்கியம் ஓடுவது அவர்களுக்கே கேட்கும். நீங்கள் நடந்துகொண்டே காதில் விழும் தவறுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி எட்டு நிமிடத்தில் அதிலிருந்து ஆறு வாக்கியத்தைப் பலகையில் எழுதுங்கள், யார் சொன்னது என்று சொல்லாமல். நான்கு தவறு, இரண்டு நல்ல வாக்கியம். எது எது என்று ஜோடிகள் முடிவு செய்யட்டும். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "யெஸ் டீச்சர்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "முதலில் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள்.

வகுப்பில் சீனம் கேட்கும், கேட்கட்டும். வேலையைப் பற்றிப் பேசினால் விடுங்கள், கைபேசி விளையாட்டைப் பற்றியென்றால் பக்கத்தில் போய் நில்லுங்கள். இன்னொன்று: பேச்சின் நடுவே 'நெய்-க, நெய்-க' என்று அடிக்கடி கேட்கும். ஆங்கிலத்தில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் போல ஒலிக்கும். அது வசை இல்லை. 'அது... வந்து...' என்று நாம் இழுப்பதுதான்.

வகுப்புக்கு வெளியே அரட்டை

'ஆங்கில மூலை' என்பது சீனாவில் பல பத்தாண்டுகளாக இருக்கும் பழக்கம். பூங்காவிலோ கல்லூரி வளாகத்திலோ குறித்த நாளில் கூடி ஆங்கிலம் பேசுவார்கள். பெய்ஜிங்கில் ரென்மின் பல்கலைக்கழகத்து வெள்ளிக்கிழமைக் கூட்டம் பெயர் பெற்றது. வெளிநாட்டுக்காரர் போனால் ஐந்து நிமிடத்தில் பதினைந்து பேர் சுற்றி நிற்பார்கள். எந்த ஊர், எத்தனை வருடம் இருக்கப்போகிறீர்கள், சீன உணவு பிடிக்குமா? வரிசை மாறாது. நீங்களே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அது பேட்டி. இரண்டாவது கேள்வியிலேயே "இவர் ஊர் எது, கேட்டுச் சொல்லுங்கள்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் திருப்பிவிட்டு, ஒரு அடி பின்னால் போங்கள். பத்து நிமிடத்தில் அவர்களுக்குள் பேச்சு ஓடும்.

சம்பளம் எவ்வளவு, வயசென்ன, கல்யாணம் ஆச்சா என்று கேட்பார்கள். பிரிட்டனில் வளர்ந்தவருக்குச் சுருக்கென்று இருக்கும், திருநெல்வேலியில் வளர்ந்தவருக்கு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். "சாப்பிட்டாச்சா?" என்பதும் அப்படித்தான், வணக்கம் சொல்லும் முறை, விருந்துக்கு அழைப்பு இல்லை. ஊர்ச் சாப்பாடு, அதிவேக ரயில், வசந்த விழாவுக்கு ஊருக்குப் போகும் கூட்டம், பரீட்சை: இவற்றில் பேச்சு வற்றாது. தைவான், திபெத், தியானன்மென் மூன்றையும் வகுப்பிலும் அரட்டைக் கூட்டத்திலும் தொடாதீர்கள். உங்களைவிட உங்களோடு பேசிய மாணவருக்குத்தான் சங்கடம்.

காசு வாங்கித் தனியாகப் பாடம் எடுக்கச் சொல்லி அழைப்பு வரும். அனுமதிக்கு வெளியே சம்பாதிப்பதும் சட்டவிரோதமே.

இங்கிருந்தபடியே பேச

வெளிநாட்டில் உட்கார்ந்து சீனக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்த பெரிய தொழில் 2021 ஜூலையில் வந்த 'இரட்டைக் குறைப்பு' கொள்கையோடு (பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் டியூஷனையும் குறைக்க வந்தது) முடிந்தது. இன்னும் அந்த வேலை இருப்பதாக விளம்பரம் பார்த்தால் ஒதுங்குங்கள். பெரியவர்களோடு மொழிப் பரிமாற்றம் வேறு விஷயம், அதற்குப் பாஸ்போர்ட் தடையும் இல்லை. சீனர்கள் பயன்படுத்தும் செய்திச் செயலியான வீசாட் இந்தியாவில் 2020 ஜூன் முதல் தடையில் இருக்கிறது, வாட்ஸ்அப் சீனாவில் வேலை செய்யாது. ஹலோடாக், டேண்டம் போன்ற பரிமாற்றச் செயலிகளில் ஆள் தேடலாம். சீனா முழுக்க ஒரே நேரம், நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அவர்களின் இரவு எட்டு நமக்கு மாலை ஐந்தரை.

பதினைந்து நிமிடம் ஆங்கிலம், பதினைந்து நிமிடம் சீனம், மணி அடித்தால் மாற வேண்டும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டில் ஒருவர் இலவச ஆசிரியராகிவிடுவார். ஒரு அமர்வில் மூன்று திருத்தம் போதும், எழுத்தில், பேச்சு முடிந்த பிறகு. குரல் செய்தி முப்பது நொடிக்குள் இருந்தால் கேட்பவர் இரண்டு முறை கேட்பார், நீளமாக இருந்தால் எழுத்தாக மாற்றிப் படித்துவிட்டுப் போவார். இரண்டாவது வாரத்தில் கிரிப்டோ முதலீடு பற்றிப் பேச்செடுக்கிறவர் மொழி படிக்க வந்தவர் இல்லை, தடுத்துவிடுங்கள்.

வேலையை விடும்போது

ஒப்பந்தத்தில் உள்ளபடி, பெரும்பாலும் 30 நாள் முன்பு, எழுத்தில் அறிவியுங்கள். கிளம்புவதற்குள் இரண்டு தாள் கையில் வேண்டும்: வேலை விலகல் சான்று, பணி அனுமதி ரத்துச் சான்று. இரண்டிலும் சிவப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், கையெழுத்து மட்டும் இருந்தால் அடுத்த ஊரில் ஏற்க மாட்டார்கள். கடைசிச் சம்பளத்தோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். விமானம் ஏறிய பிறகு அந்தத் தாளுக்காக மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.